கண்மாய்க்கு அங்கிட்டு ஆடின ஆட்டம்

மதினி,

ஆட்டுப்புழுக்கை வாசம் வந்துச்சு, ஒங்க நெனப்பு வந்துருச்சு. சிரிக்காதீங்க. போனவுகள நெனைக்க மல்லியப்பூ வாசம், சந்தன வாசம்னு அவுகவுகளுக்கு ஒண்ணு இருக்கும். எனக்கு வாய்ச்சது இது. ஆடி பொறந்துருச்சுல்ல. பூசாரி வீட்டுப் பின்கட்டுல முளைப்பாரிக்குப் புழுக்கையப் பொடிச்சுப் போட்டு, வைக்கலப் பரப்பி, ஊறவச்ச தானியத்தத் தூவியிருக்காக. நான் தயிருச்சட்டியத் தூக்கிக்கிட்டு அந்த வழியாப் போனேன். ஈரமும் புழுக்கையும் முளைவிடுற பயறும் கலந்து ஒரு வாசம் வரும்ல, அது வந்து மூக்குல ஏறிச்சு. அப்படியே நின்னுட்டேன். தயிரு புளிக்கிற வரைக்கும் நின்னேன்னு வச்சுக்கங்க.

வீட்டுக்கு வந்து மருமகளக் கூப்புட்டு, "தாயி, நோட்ட எடு. மதினிக்கு ஒரு கடுதாசி எழுதணும்"னேன்.

"அத்தே, அவுகதான் மாசியிலயே போயிட்டாகளே. எந்த அட்ரசுக்கு அனுப்ப?"

"நீ எழுது. அட்ரசை நான் பாத்துக்கறேன்."

நான் பள்ளிக்கொடத்துப் பக்கம் எருமை தேடித்தான் போயிருக்கேன், அது ஒங்களுக்கே தெரியும். அதனால நான் சொல்லச் சொல்ல அவ எழுதுறா. எங்கயாச்சும் எழுத்து கோணலா இருந்தா அது அவளது. பேச்சு கோணலா இருந்தா அது என்னது.

ஒங்ககிட்ட ஒரு விசயத்தச் சொல்லாமயே வச்சிருக்கேன் மதினி. பதினோரு வருசமா. அந்த விசக்காச்சல் வருசம் ஒங்க முளைப்பாரிய மட்டும் ஒதுக்கி வச்சாகளே, அவுககிட்டப் போயிச் சொன்னது யாருங்கிற விசயம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடுதாசி. ஆனா நேரா அங்க போக எனக்கு வராது. நம்ம ஊரு வண்டிப்பாதை மாதிரி சுத்தித்தான் போவேன், பொறுத்துக்கங்க.

செண்பகத்த மொத மொத நாம பாத்தது, ராசா ஆட்சி போயி நம்ம சீமையத் திருச்சியோட சேத்த வருசம். கரகத்தத் தலையில வச்சுக்கிட்டு முளைப்பாரிக்கு முன்னால ஆடி வந்தா. பதினாறு வயசு இருக்கும், நாணல் மாதிரி இருந்தா. பக்கத்துல அந்தத் தவில்காரரு, முன்பல்லு ஒண்ணு இல்லாதவரு, சிரிச்சுக்கிட்டே அடிப்பாரு. எல்லாரும் அவ தலையில இருந்த கரகத்தப் பாத்தாக. நீங்க மட்டும் அவ காலப் பாத்தீங்க.

"அழகு, இங்க பாரு. கால் தரையில படுது. புழுதி எந்திரிக்குதா?"ன்னு என்னைக் கேட்டீங்க.

நான் பாத்தேன். எந்திரிக்கல.

அன்னையிலருந்து நாம ரெண்டு பேரும் அவ கட்சி. எங்க அண்ணன் இருக்காரே, ஒங்க வீட்டுக்காரரு, அவரு கந்தர்வக்கோட்டைக்காரி கட்சி. அவ கரகத்து உச்சியில ஒரு கிளி இருக்கும், ஆட ஆட சுத்தும். அண்ணனுக்கு அதுல ஒரு கிறுக்கு. "ஒங்க செண்பகத்துக் கரகத்துல கிளி சுத்துதா?"ன்னு மீசையத் தடவிக்கிட்டுக் கேப்பாரு. "கிளி சுத்தினாப் போதுமா? கிளிக்குக் கீழ ஆளு சுத்த வேணாமா?"ன்னு நீங்க சோத்தப் போட்டுக்கிட்டே கேப்பீங்க. அன்னைக்குக் கொழம்புல உப்புக் கொறையும். அவரும் கேக்க மாட்டாரு.

வருசத்துல ஒரு நாள்தான் அவ நம்ம ஊருக்கு வருவா. மிச்ச நாளெல்லாம் சேதிதான் நமக்குச் சோறு. எந்த ஊருல ஆடுனா, யாரு பட்டுத் துணி போத்துனாக, கால் சுளுக்கிருச்சாமே, எந்தக் கால்? பஸ் கண்டக்டருகிட்டக் கேப்போம். வளையக்காரருகிட்டக் கேப்போம். எல்லாருக்கும் மேல கருவாட்டுக்காரி. கடக்கரையில கூடையத் தூக்குனா, ஆவுடையார்கோவில் வழியா, செண்பகம் வீட்டு வாசலத் தாண்டித்தான் நம்ம ஊருக்கு வரணும். அவ கூடையில இருக்கறத விட வாயில இருக்கறதுக்குத்தான் நம்ம தெருவுல கிராக்கி.

திருவிழா நோட்டீசு ஒண்ண நீங்க ட்ரங்குப் பெட்டி மூடிக்கு உள்பக்கம் ஒட்டி வச்சிருந்தீங்க. ரெண்டு பேருக்கும் எழுத்துத் தெரியாது. ஆனா மூணாவது வரியில மொதல்ல நிக்கிறது அவ பேருன்னு மட்டும் தெரியும். பெட்டியத் தொறக்கையில அந்த எடத்த வெரலாலத் தொட்டுட்டுத்தான் சேலைய எடுப்பீங்க. அந்த நோட்டீசு இப்ப என்கிட்ட இருக்கு. பெட்டிய ஒங்க மக கொண்டுபோயிட்டா. மூடியில இருந்து இத மட்டும் தண்ணி தொட்டுத் தொட்டு உரிச்சு எடுத்தேன். ஒரு ஓரம் கிழிஞ்சுருச்சு. மன்னிச்சுக்கங்க.

மருமக சொல்றா, "அத்தே, காச்சலுக்கு வாங்க." வாரேன் தாயி.

ஐம்பத்தேழாம் வருசத்து ஆடி. செவ்வாக்கெழமை காப்புக் கட்டியாச்சு. நீங்க, நான், இன்னம் ஒரு இருவது பொம்பளைக, மணிக்கட்டுல மஞ்சக்கயித்தக் கட்டிக்கிட்டு விதை போட்டாச்சு. காப்புக் கட்டிட்டா என்ன மொறைன்னு மருமகளுக்கு இப்பத்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன்: முளைப்பாரியத் தண்ணியில விடுற வரைக்கும் ஊரு எல்லையத் தாண்டப்படாது, கவுச்சி திங்கப்படாது, எழவு வீட்டுக்குப் போகப்படாது, துக்கத்துக்குத் தலை முழுகப்படாது. முழுகினா முளை அழுகும், ஊருக்கு ஆகாது. அந்த மொறையிலதான் நாம எல்லாம் நின்னோம்.

மறுநாளே காச்சல் வந்துருச்சு. மெட்ராசுல கப்பல்ல வந்து எறங்குச்சுன்னாக, ரயில்ல வந்துச்சுன்னாக, அறந்தாங்கிச் சந்தையில ஒருத்தன் தும்முனதுல வந்துச்சுன்னாக. எப்படி வந்தா என்ன, வந்துருச்சு. கீழத்தெருவுல ஒரே நாளுல ஒம்பது பேரு படுத்துட்டாக. சுகாதார ஆபீசரு சைக்கிள்ல வந்து, கூட்டம் கூடாதீங்கன்னு சொல்லிட்டுத் தும்மிக்கிட்டே போனாரு. அம்பலகாரரு ஊரக் கூட்டாமயே, தெருத்தெருவா நடந்து சொன்னாரு: "எல்லையில வேப்பங்கொழையக் கட்டிட்டேன். வெளியாளு உள்ள வரப்படாது, உள்ளாளு வெளிய போகப்படாது. முளைப்பாரி விதைச்சாச்சு, அதை நிப்பாட்ட முடியாது. பத்தாம் நாள் சத்தமில்லாமக் கொண்டுபோயி விட்டுட்டு வாங்க. மேளம் கெடையாது. ஆட்டம் கெடையாது."

ஆட்டம் கெடையாதுன்னதும் ஒங்க மூஞ்சி போன போக்கு. அண்ணனே பயந்துட்டாரு. "கிளியும்தான் இந்த வருசம் இல்ல, விடு"ன்னு சொன்னாரு. அவரு சொன்ன ஆறுதல் அம்புட்டுதான்.

கருவாட்டுக்காரிய மட்டும் எந்தக் காச்சலும் தொடல. நாலாம் நாள் வந்து வேப்பங்கொழைக்கு அங்கிட்டே நின்னுக்கிட்டுக் கூவுனா. நாம இங்கிட்டு நின்னோம்.

"செண்பகம் எப்படி இருக்கா?"ன்னு நீங்க கேட்டீங்க.

"மொதல்ல கருவாடு வேணுமான்னு கேளுங்க. சேதிய மட்டும் கேட்டுட்டுப் போனா நான் காத்தையா கூடையில அள்ளிட்டுப் போறது?"

"நாங்க விரதம்டி."

"அப்ப சேதிக்கும் விரதம்."

நீங்க விறுவிறுன்னு வீட்டுக்குப் போயி, ஒரு சொளகு கம்புத் தானியத்தக் கொண்டாந்து எல்லையில வச்சுட்டுப் பத்தடி தள்ளி நின்னீங்க. அவ கம்பக் கூடையில தட்டிக்கிட்டு, நெத்திலிக் கருவாட்ட வச்சுட்டுச் சொன்னா, செண்பகத்துக்குக் காச்சல் கண்டுருக்கு, கஞ்சி எறங்கலையாம். கவுச்சி திங்காத விரதத்துல கருவாடு வாங்குன பொம்பளை இந்தச் சீமையிலயே நீங்க ஒருத்திதான் மதினி. வீட்டுக்குள்ள கொண்டுபோக முடியாம வைக்கப்போருக்குள்ள சொருகி வச்சீங்க. ஊருப் பூனையெல்லாம் போரச் சுத்தி உக்காந்துக்கிச்சு. அண்ணன் வந்து பாத்துட்டு, "விரதம் இருக்கறது நீயா, இந்தப் பூனைகளா?"ன்னு கேட்டாரு. அந்தக் காச்சல் வருசத்துல நான் சிரிச்சது அந்த ஒரு தடவதான்.

ஆறாம் நாள் மறுபடி வந்தா. அன்னைக்கு அவ கூவல. கூடைய எறக்கி வச்சுட்டு, முந்தானையால வாயப் பொத்திக்கிட்டு நின்னா.

"வீட்டு முன்னால பந்தல் போட்டுருக்காக தாயி. பொம்பளையாளுக மாரடிச்சு அழுவுறாக. அவ ஆட்டச் செட்டு ஆளுக அம்புட்டுப் பேரும் வெயில்ல நிக்கிறாக. அவள மட்டும் காணோம்."

"கிட்டப் போயிப் பாத்தியா?"

"காச்சல் வீட்டுக்குள்ள எப்படிப் போவேன்? ரோட்டுல நின்னுதான் பாத்தேன். வேற யாரு தாயி? அவதான்."

நீங்க கொண்டாந்த கம்புச் சொளக அப்படியே போட்டுட்டு நடந்தீங்க. நான் பின்னாலயே வந்தேன். வீட்டுக்குப் போகாம நீங்க கண்மாய்க்கு எறங்குனீங்க. அந்த வருசம் கோடை மழை நல்லாப் பேஞ்சிருந்ததால ஆடியிலயும் கண்மாயில இடுப்பளவு தண்ணி கெடந்துச்சு. உச்சி வெயிலு. ஒரு குஞ்சு இல்ல. கொண்டைய அவுத்து விட்டுட்டு, மூணு முழுக்குப் போட்டீங்க. தண்ணிக்குள்ள போகும்போதெல்லாம் அந்த மஞ்சக்காப்புக் கட்டுன கை மட்டும் மேல நின்னுச்சு. அதை நனைக்கப்படாதுன்னு தூக்கிப் பிடிச்சீங்களோ, இல்ல தானா நின்னுச்சோ, இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல.

கரையேறி முடியப் பிழிஞ்சுக்கிட்டே, "பாத்தியா?"ன்னு கேட்டீங்க.

"பாத்தேன் மதினி. காப்புக் கட்டியிருக்கீங்களே."

"கையிலதானே கட்டியிருக்கு. நெஞ்சுலயா கட்டியிருக்கு?" அப்பறமாச் சொன்னீங்க, "கூடப்பொறந்தவளா இருந்தா முழுக மாட்டேனா?"

 யாருகிட்டயும் சொல்லாதன்னு நீங்க சொல்லல. நான் சொல்ல மாட்டேன்னு நீங்க நெனச்சிருப்பீங்க.

இப்ப வண்டி வந்து சேருது மதினி, அந்த எடத்துக்கு.

மறுநாள் வெள்ளன என் சின்ன மகளுக்குக் காச்சல் வந்துருச்சு. ஏழு வயசு. மத்தியானத்துக்குள்ள ஒடம்பு அடுப்புச் சட்டி மாதிரி ஆகிப்போச்சு. என்னைப் பாத்து "நீ யாரு?"ங்குறா. பெத்தவளப் பாத்து நீ யாருன்னு கேட்டா எப்படி இருக்கும்? கீழத்தெருவுல அன்னைக்குத்தான் ரெண்டு பேரு செத்துருந்தாக. சாயங்காலம் முளைப்பாரி வீட்டுக்குக் கும்மி தட்டப் போனேன். போகலைன்னா ஆத்தா கோவிப்பான்னு அழுதுகிட்டே போனேன். போனா, பூசாரி பொண்டாட்டி வெளக்கத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ஒவ்வொரு சட்டியாப் பாக்குறாக. மூலையில ரெண்டு சட்டியில பூஞ்சை பிடிச்சிருக்கு.

"யாரு மொறை தவறுனது? ஊரே படுத்துக் கெடக்கு. சொல்லிருங்க தாயி. மறைச்சா ஆத்தா பாத்துக்கிட்டு இருக்க மாட்டா."

நீங்க அப்ப இன்னம் வரல.  எனக்கு எம்புள்ள "நீ யாரு"ன்னு கேட்டதுதான் காதுல கேட்டுக்கிட்டே இருந்துச்சு.

"மதினி தலை முழுகுனாக"ன்னு சொல்லிட்டேன்.

என் வாய்தான் சொல்லுச்சு மதினி. பயம் சொல்லுச்சுன்னு ஒதுங்கிக்கலாம், ஆனா வாய் என்னோடது. பூஞ்சை பிடிச்ச சட்டி ஒங்களது இல்ல. ஒங்களது சீரா, வெள்ளி மாதிரி நின்னுச்சு. அதையும் நான் பாத்தேன். பாத்துட்டும் சொன்னேன்.

நீங்க வந்தீங்க. பூசாரி பொண்டாட்டி ஒங்க சட்டியத் தூக்க வந்தாக. "ஆட்டக்காரிக்கு ஒனக்கு என்ன ஒறவு? மாமனா மச்சினனா, முழுகுறதுக்கு?"ன்னு கேட்டாக. நீங்க, "குடுங்க, நானே தூக்கிட்டுப் போறேன். புள்ளைய எவளாச்சும் அடுத்தவ கையில குடுத்து அனுப்புவாளா?"ன்னு சட்டிய வாங்கி இடுப்புல வச்சுக்கிட்டீங்க. பத்தாம் நாளு ஒங்க சட்டி வரிசையில வரப்படாது, படித்துறையில எறங்கப்படாது, மாடு கழுவுற எறக்கத்துல தனியாக் கொண்டுபோயி விட்டுக்கன்னு தீர்ப்பாச்சு. போகையில என்னைப் பாத்தீங்களா இல்லையான்னு எனக்குத் தெரியாது. நான் தரையப் பாத்துக்கிட்டு இருந்தேன்.

மறுநாள் காலையில கதவு தட்டுது. நெலவேம்புக் கசாயத்தோட நீங்க நிக்கிறீங்க. "வடிகட்டிட்டேன். கசக்கும், மூக்கப் பிடிச்சு ஊத்து." எம்மக தலையத் தடவிப் பாத்துட்டு, "அந்தி சாய எறங்கிரும்"னீங்க. எறங்குச்சு. கசாயத்துலயா, காச்சல் அதுபாட்டுக்கு எறங்குச்சா, நான் கண்டேனா. எம்புள்ள கண்ணத் தொறந்து, "அம்மா, கசக்குது"ன்னா. நான் அழுத அழுகை புள்ளைக்காக மட்டும் இல்ல மதினி.

ஆடு மேய்க்கிற எவனாச்சும் பாத்துச் சொல்லியிருப்பான்னு மதினி நெனச்சிருப்பாக, அப்படின்னு என்னை நானே ஏமாத்திக்கிட்டேன். உச்சி வெயில்ல அங்க எவன் ஆடு மேய்ச்சான்?

எட்டாம் நாள் கருவாட்டுக்காரி ஓட்டமா ஓடி வந்தா. எல்லைக்கு அங்கிட்டு நின்னு கன்னத்துல போட்டுக்கிட்டா.

"நான் பாவி! அவ இருக்கா தாயி, உசுரோட இருக்கா! போனது தவில்காரரு. அவ காச்சல்ல உள்ள கெடந்துருக்கா, அதான் நான் பாக்கல."

நீங்க அப்படியே மண்ணுல உக்காந்துட்டீங்க. சிரிக்கிறீங்க, கண்ணுல தண்ணி ஓடுது. அப்பறம் அந்தத் தவில்காரரு முன்பல்லு நெனப்பு வந்துருச்சு போல, சிரிப்பு நின்னுச்சு. "அவரு அடியில்லாம அவ எப்படி ஆடுவா?"ன்னு மெதுவாச் சொன்னீங்க.

அப்பறம் எந்திரிச்சுப் போயி, ஒரு துணியில சுக்கு, திப்பிலி, நாலு கருப்பட்டி முடிஞ்சு கொண்டாந்து எல்லையில வச்சீங்க. "அவகிட்டக் குடு. இந்த வருசம் வர வேணாம்னு சொல்லு. ஆட்டம் வருசா வருசம் வரும். ஒடம்பப் பாத்துக்கச் சொல்லு."

கருவாட்டுக்காரி அன்னைக்குக் கம்பு கேக்கல. அதை நீங்க கவனிச்சீங்களா?

பத்தாம் நாள் சாயங்காலம். வெயில் சாஞ்சு, இன்னம் நல்ல வெளிச்சம். நாங்க எல்லாம் சட்டியத் தலையில வச்சுக்கிட்டு, ஆளுக்கு ஆளு ரெண்டு கை எடம் விட்டு, மேளமில்லாம, குலவையில்லாம நடந்தோம். மொத வருசமா முளைப்பாரி ஊமையாப் போச்சு. எனக்கு அது எழவு ஊர்வலம் மாதிரி இருந்துச்சு. நாங்க படித்துறையில எறங்குனோம். நீங்க தனியா, அந்தக் கடைசியில, மாடு கழுவுற எறக்கத்துல. இருட்டு வீட்டுக்குள்ள வளந்த எங்க முளையெல்லாம் வெளிறிப் போயி மஞ்சளா இருக்க, மூணு நாளா ஒங்க மாட்டுக்கொட்டாயில வெளிச்சத்துல கெடந்ததால ஒங்க முளை மட்டும் கிளிப்பச்சையா நின்னுச்சு. அண்ணன் பாத்துட்டு, "கிளி வேணும்னு கேட்டேன், என் பொண்டாட்டி தலையில வச்சுட்டா"ன்னு கரையில நின்னு சொன்னாரு. யாரும் சிரிக்கல.

அப்ப அங்கிட்டுக் கரையில ஒரு மாட்டுவண்டி வந்து நின்னுச்சு.

கண்மாய்க்கு அங்கிட்டுப் பக்கத்து ஊரு எல்லை. வேப்பங்கொழை அங்க கட்டல. வண்டியில இருந்து ஒரு பொம்பளை எறங்குனா. பாதியா எளச்சுப் போயி, சேலை ஒடம்புல நிக்கல. ஆனா காலு தரையில பட்டுச்சு, புழுதி எந்திரிக்கல.

"செண்பகம்டி!"ன்னு நீங்க கத்துனீங்க.

நீங்க நின்ன எறக்கத்துல கண்மாய் குறுகிப்போயி, தண்ணி ஒரு கல்லெறி தூரம் கூட இல்ல. படித்துறையில இருந்து எங்களுக்கு அவ ஒரு பொம்மை மாதிரிதான். ஒங்களுக்கு அவ நெத்திப்பொட்டு வரைக்கும் தெரிஞ்சிருக்கும்.

"அக்கா! சுக்கு வந்துச்சு!"

"வர வேணாம்னு சொன்னேன்ல!"

"ஒங்க ஊருல ஆடுறேன்னு வெத்தலை வாங்கிட்டேன்ல! வாங்கின வெத்தலைக்கு ஆடாம எப்படி இருக்க? உள்ளதான் வரப்படாது, எல்லையில நின்னு ஆடக்கூடாதா?"

"ஒனக்குத் தலை முழுகிட்டேன்டி பாவி!"

 அவ சிரிச்சா. தண்ணி மேல வந்துச்சு அந்தச் சிரிப்பு. "அப்ப எனக்கு நூறு வயசு அக்கா! சாகாதவளுக்கு முழுகினா ஆயுசு கெட்டிம்பாக!"

கரகத்தத் தூக்கித் தலையில வச்சா. நின்னா. பழக்கத்துல எடப்பக்கம் திரும்புனா. அங்கதான் தவில்காரரு நிப்பாரு. அங்க ஒண்ணுமில்ல, வண்டி மாடுதான் நின்னுச்சு. திரும்புனவ திரும்புனபடியே நின்னுட்டா. காலு எந்திரிக்கல. கரகம் மட்டும் லேசா நடுங்குச்சு. 

நீங்க சட்டியக் கீழ வச்சீங்க. கையத் தட்டுனீங்க. கும்மித் தட்டு. ஒண்ணு, ரெண்டு, விட்டு ஒண்ணு.

தண்ணி அந்தச் சத்தத்தக் கொண்டுபோச்சு. அவ தலை நிமிந்துச்சு.

"ஏய், சத்தம் கூடாதுன்னாக!"ன்னு பூசாரி பொண்டாட்டி பதறுனாக. அம்பலகாரரு வாயில துண்டக் கட்டிக்கிட்டுப் புளியமரத்தடியில நின்னாரு. எல்லாரும் அவரத் திரும்பிப் பாத்தோம். அவரு துண்ட எறக்குனாரு. "மேளம்தான் வேணாம்னு சொன்னேன். பொம்பளைக கையத் தட்டுனா நான் என்ன செய்ய?"ன்னாரு.

ரெண்டாவதாத் தட்டுனது நான் மதினி. அது ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்காது, நீங்க அங்கிட்டுப் பாத்துக்கிட்டு இருந்தீங்க. அப்பறம் எல்லாரும் தட்டுனாக. பூசாரி பொண்டாட்டியும் தட்டுனாக. எங்க அண்ணன், கந்தர்வக்கோட்டைக் கட்சிக்காரரு, தாளம் தப்பித் தப்பித் தட்டுனாரு. அந்தத் தப்புத் தாளத்தையும் சேத்துக்கிட்டு அவ ஆடுனா. கொஞ்ச நேரந்தான். பால் பொங்குற நேரம் கூட இருக்காது. மூச்சு வாங்கிருச்சு. கரகத்த அவளே எறக்கி, தண்ணிக்குள்ள வச்சுட்டு, அப்படியே கரையில உக்காந்துட்டா. நீங்க ஒங்க பச்சை முளையப் பிடுங்கித் தண்ணியில விட்டீங்க. எங்களதெல்லாம் படித்துறையிலயே சுத்திக்கிட்டுக் கெடந்துச்சு. ஒங்களது காத்துல அங்கிட்டு ஒதுங்குச்சு. அவ ஒரு கொத்த எடுத்துக் கொண்டையில சொருகிக்கிட்டா.

திரும்பி வரும்போது நாம ரெண்டு பேரும் பின்தங்கிட்டோம். நான் ஒங்க மூஞ்சியப் பாக்காம நடந்தேன். நீங்க வெறுஞ்சட்டியத் தட்டிக்கிட்டே வந்தீங்க.

"அழகு, என்னைப் படித்துறையில விட்டுருந்தா நானும் அவள எறும்பு மாதிரிதான் பாத்துருப்பேன். ஒதுக்கி வச்சாக, கிட்டத்துல பாத்தேன். போயிச் சொன்னவ வாயில சக்கரை போடணும்."

நான் வெறுஞ்சட்டிய இந்த இடுப்புலருந்து அந்த இடுப்புக்கு மாத்திக்கிட்டேன்.

வீட்டுக்கு வந்தோம். நீங்க அடுக்குப்பானையில கையவிட்டுத் துழாவுனீங்க. "வாயத் தொற"ன்னீங்க. நான் எதுக்குன்னு கேக்கல. தொறந்தேன். கருப்பட்டித் துண்ட என் நாக்குல வச்சுட்டு, மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டீங்க.

அதுக்கப்பறம் பதினோரு வருசம். ஒரு சண்டையில, ஒரு சடவுல கூட நீங்க அதை எடுத்ததில்ல. நானும் வாயத் தொறந்ததில்ல. இன்னைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். மாசியில நீங்க களத்துமேட்டுல நெல்லு தூத்திக்கிட்டு இருந்தவுக அப்படியே சாஞ்சுட்டீங்க. நான் ஓடி வர்றதுக்குள்ள முடிஞ்சுருச்சு.

ஒங்ககிட்டச் சொல்ல ஒரு சேதி இருக்கு. போன மாசம் கருவாட்டுக்காரி வந்தா. கூடைய மக தூக்கிட்டு வாரா, இவ வெறுங்கைய வீசிக்கிட்டு வாரா, வாயி மட்டும் அப்படியேதான் இருக்கு. நீங்க போன சேதிய செண்பகத்துகிட்ட இவதான் சொன்னாளாம். கேட்டதும் செண்பகம் எந்திரிச்சு அவ ஊருக் கண்மாய்க்குப் போயி, கொண்டைய அவுத்து விட்டுட்டு, மூணு முழுக்குப் போட்டாளாம். "இந்தத் தடவ நான் கிட்ட நின்னு பாத்தேன் தாயி, தப்பாச் சொல்லல"ன்னா. என்ன ஒறவுன்னு அங்க யாராச்சும் கேட்டாகளான்னு நான் கேட்டேன். கேட்டாகளாம். "கூடப்பொறந்தவ"ன்னு சொன்னாளாம்.

நானும் இந்த வருசம் காப்புக் கட்டியிருக்கேன். காச்சல் வருசத்துக்குப் பின்னால ஒரு வருசம் கூட நான் படித்துறையில எறங்குனதில்ல, மாடு கழுவுற எறக்கத்துலதான் என் சட்டிய விடுறேன். ஏன்னு கேட்டா, அங்கதான் தண்ணி குறுகல்னு சொல்லுவேன். இந்தக் கடுதாசியையும் அங்கதான் சட்டியோட விடப்போறேன். அட்ரசு அதுதான்.

மருமக எழுதுறத நிப்பாட்டிட்டு என்னையே பாக்குறா. "அத்தே, அவுகளுக்குத் தெரிஞ்சுதானே கருப்பட்டி குடுத்தாக. அப்பறம் எதுக்கு இப்ப இவ்வளவும்?"ங்குறா.

ஒங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும் மதினி. ஆனா நான் சொல்லலைல்ல.

நான்தான் சொன்னேன். அன்னைக்குப் பூசாரி வீட்டுல, வெளக்கு வெளிச்சத்துல, நான்தான் சொன்னேன்.

இப்ப வாயி இனிக்குது.

அழகு